அளவெடுக்காத சட்டை



சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு, மறுநாள் ஆராதனைக்கு ஆயத்தமாகும்படி நான் எழுதும் சிறு தியானம் உங்களில் பலருடைய கைபேசிக்கு வருகிறது. அது எவ்வாறு வந்து சேர்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பீர்களோ அறியேன். வாட்ஸ்அப்பில் குழு வேறு, பிராட்காஸ்ட் பட்டியல் வேறு. குழுவில் ஒருவர் எழுதுவதை எல்லாரும் காண்பர். பிராட்காஸ்ட் பட்டியலிலோ நான் ஒருமுறை எழுதி அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிக்கடிதமாகவே போய்ச் சேரும்; உங்களுக்கு மட்டும் எழுதப்பட்டதுபோலத் தோன்றும். நீங்கள் எழுதும் பதிலும் எனக்கு மாத்திரமே வரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உள்ளூரிலும் வெளியூரிலுமாக என் பட்டியலில் அப்போது 231 பேர் இருந்தார்கள்.

இதில் இன்னொரு விதியும் உண்டு. என் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். எண்ணை அழித்துவிட்டால் நான் எத்தனை வாரம் எழுதினாலும் அங்கே எட்டாது. எழுதுகிறவனுக்கு வாசிக்கிறவர் வாசலைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆயினும் நெடுநாள் நான் இதை அறியாதிருந்தேன். அறியும்படி செய்தவர் ஒரு தையற்காரர்.

அவர் நம் சேகரத்திலுள்ள ஒரு கிராமச் சபையின் அங்கத்தினர். அவரைக் குறித்து எழுத அவரிடமே அனுமதி பெற்றிருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகையால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த காரியத்தை மாற்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், லெந்து காலத்தில், லூக்கா 15-ஆம் அதிகாரத்திலுள்ள கெட்ட குமாரனைப் பற்றி எழுதினேன். அந்த வாரம் எழுத்து நன்றாய் அமைந்ததென்று எனக்கே ஒரு திருப்தி. மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு மனதுருகி ஓடிய காட்சியை விரிவாய் எழுதினேன். பிள்ளைகளுக்காகக் கண்ணீரோடு காத்திருக்கும் பெற்றோரே, கலங்காதிருங்கள், உங்கள் வாசற்கதவும் ஒருநாள் நிச்சயமாய்த் தட்டப்படும் என்று முடித்திருந்தேன். அரைமணி நேரத்துக்குள் பதில்கள் வந்து குவிந்தன. 'ஆமென்' என்றும் 'ஸ்தோத்திரம்' என்றும் 'அருமையான செய்தி ஐயா' என்றும் வந்தன. சிலர் கூப்பிய கைகளின் படத்தை வரிசையாக ஐந்தாறு அனுப்பியிருந்தார்கள். நான் அவ்வேளையில் ஒரு திருமண வரவேற்பில் நின்றுகொண்டிருந்தேன். அங்கிருந்து சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போக வேண்டும். நடுவில் கிடைத்த பத்து நிமிடத்தில் கைபேசியை எடுத்து, வந்த பதில்களுக்கெல்லாம் மேலிருந்து கீழாக நானும் ஒவ்வொரு கூப்பிய கையை அனுப்பிக்கொண்டே போனேன். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அவற்றுள் ஒன்று 'ஆமென்' அல்ல. "வராத பிள்ளையின் தகப்பனுக்கு என்ன எழுதுவீர்கள், ஐயா?" என்று இருந்தது. அதை வாசித்தேனா என்றால், கண் அதன்மேல் பட்டது, அவ்வளவே. விரல் அதற்கும் ஒரு கூப்பிய கையை அனுப்பிவிட்டது.

அடுத்த வாரமும் தியானம் போயிற்று. அதற்கடுத்த வாரமும் போயிற்று. அவரிடமிருந்து மறுமொழி இல்லை. அதை நான் கவனிக்கவுமில்லை. 231 பேரில் ஒருவர் மௌனமாகிப் போவது கண்ணில் படுகிற காரியமன்று. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனும் அதே 15-ஆம் அதிகாரத்தில்தான் இருக்கிறான் என்பது அந்நாட்களில் என் மனதுக்கு எட்டவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, நம் பாடகர் குழுவிலுள்ள ஒரு தம்பி என் கைபேசியில் எதையோ சரிசெய்து கொடுத்தான். என் தியானங்களை எத்தனை பேர் உண்மையில் வாசிக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா என அவனிடம் கேட்டேன். அந்த ஆசையில் பெருமையும் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன். அவன் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, யாருக்குச் சேர்ந்தது, யார் வாசித்தார்கள் என்ற விவரத்தைத் திறந்து காட்டினான். இரண்டிலும் காணப்படாத பெயர்கள் பதினொன்று இருந்தன. எண் மாறியிருக்கலாம், அல்லது உங்கள் எண்ணை அவர்கள் வைத்திருக்கமாட்டார்கள், ஐயா என்று சாதாரணமாய்ச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பதினொரு பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு விசாரித்தேன். நால்வர் எண்ணை மாற்றியிருந்தார்கள். இருவர் மகன் வீட்டோடு சென்னைக்குப் போய், கைபேசியைப் பேரனிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒருவரை நானே அடக்கம்பண்ணியிருந்தேன். அவருடைய கல்லறையண்டை நின்று ஜெபித்தவனும் நானே. அதற்குப் பின்னும் சனிக்கிழமைதோறும் அவருக்குத் தியானம் அனுப்பிக்கொண்டிருந்தவனும் நானே. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மீதியானவர்களில் ஒருவர் அந்தத் தையற்காரர். அவர் எண் மாறவில்லை. ஊரைவிட்டும் போகவில்லை. பழைய உரையாடலைத் திறந்து பார்த்தேன். அவருடைய கேள்வியும், அதன் கீழே என் கூப்பிய கையும் இருந்தன.

மறுநாள் போனேன். வீட்டின் முன்னறையே கடை. இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. ஒன்றில் அவர் தைத்துக்கொண்டிருந்தார். மற்றொன்று பழைய பெட்ஷீட்டால் மூடப்பட்டிருந்தது. எழுந்து நின்று, "வாருங்கள் ஐயா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முகத்தில் கடுமை ஏதுமில்லை. செய்தி வருகிறதா என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"எண்ணை அழித்தது நான்தான் ஐயா. கோபத்தினால் அல்ல. நான் ஒன்று கேட்டேன். நீங்கள் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டீர்கள். கும்பிடு போட்ட பிறகும் வாசலில் நின்றுகொண்டிருப்பது மரியாதை அல்லவே."

வரவேற்கவும் கும்பிடுகிறோம், போய் வாருங்கள் என்று அனுப்பிவிடவும் கும்பிடுகிறோம். ஆளைத் தவிர்ப்பதற்கு ஒரு பெரிய கும்பிடு என்று பேச்சுவழக்கே உண்டு. நான் ஜெபம் என்று எண்ணி அனுப்பியதை அவர் இப்படி வாசித்திருக்கிறார். அவர் வாசித்தது தவறென்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஏனெனில் அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்தது உண்மையில் அதுவே. ஒவ்வொருவரையும் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஒரே மகன் 22 வயதில் வீட்டைவிட்டுப் போனான். கடன் ஒன்றைப் பற்றிய வாக்குவாதம். மூடிக் கிடந்த மெஷின் அவனுக்காக வாங்கியது. சூரத்தில் அவனைக் கண்டதாக ஒருவர் சொல்ல, இவர் ரயிலேறிப் போய் ஒன்பது நாள் தேடிவிட்டு வந்திருக்கிறார். நான் அவருடைய கடையில் உட்கார்ந்திருந்த அன்றைக்குப் பதினொரு வருடங்கள் ஆகியிருந்தன. நான் அந்தச் சேகரத்துக்கு வந்து மூன்று வருடங்கள் ஆகியும் இதை அறியாதிருந்தேன். வீடு சந்திக்கப் போனபோதெல்லாம் அவர்கள் பேரில் ஜெபித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கையிலிருந்த சட்டைக்குக் கழுத்துப் பட்டையை வைத்துத் தைத்தபடியே அவர் சொன்னார்: "ரெடிமேட் சட்டையில் குற்றம் இல்லை ஐயா. நூறு பேரில் எண்பது பேருக்குப் பொருந்தும். ஆனால் ஒரு தோள் இறங்கியிருக்கிறவனுக்குப் பொருந்தாது. அவன் என்னிடம் வருவான். நான் டேப்பை எடுத்து அவன் தோளைத் தொட்டுப் பார்ப்பேன். வாய் சொல்லாததை அளவெடுக்கும்போது உடம்பு சொல்லிவிடும். நீங்கள் எழுதியது நன்றாய்த் தைத்த ரெடிமேட். எனக்குத் தோள் இறங்கியிருக்கிறது."

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு சட்டைக்குப் பட்டன் வைத்து முடித்தார். அவருடைய மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார்கள். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "தம்பியின் பெயர் என்ன?" என்றேன். அந்த அம்மா சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு சொன்னார்கள்: "அவன் பெயரைக் கேட்டு இந்த வீட்டுக்குள் யாரும் வந்ததில்லை ஐயா. எல்லாரும் 'உங்கள் மகன்' என்றே சொல்வார்கள்." பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தோம். அவன் வருவான் என்று ஜெபத்தில் வாக்குக் கொடுக்க நான் துணியவில்லை.

வீட்டுக்கு வந்து லூக்கா 15-ஐ மறுபடியும் வாசித்தேன். பத்துத் தடவைக்குக் குறையாமல் நான் பிரசங்கித்த பகுதி. அதிகாரம் தொடங்கும்போதே, இயேசு அதை யாருக்குச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது. ஆயக்காரரும் பாவிகளும் அவரிடத்தில் வந்து சேர்ந்தார்கள். பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுத்தார்கள். அந்த முறுமுறுப்பைக் கேட்டே அவர் உவமையைத் தொடங்கினார். எதிரே நின்றவர்களின் தோளை அளந்து தைத்த உவமை அது. நான் அந்த முதல் இரண்டு வசனங்களைத் தாண்டி நேராகக் கதைக்குள் போய்விடுவது வழக்கம்.

முடிவையும் அவ்வாறே தாண்டியிருக்கிறேன். இளையவன் திரும்பி வந்ததோடு நாம் மகிழ்ந்து நிறுத்திக்கொள்கிறோம். கர்த்தர் அங்கே நிறுத்தவில்லை. மூத்தவன் கோபமடைந்து உள்ளே வர மனதில்லாமல் வெளியே நிற்கிறான், தகப்பன் விருந்தை விட்டு வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார், பேசுகிறார். அதன்பின் மூத்தவன் உள்ளே வந்தானா? எழுதப்படவில்லை. தகப்பன் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பதோடு உவமை முடிகிறது. வராத பிள்ளையின் தகப்பன் அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறார்! தையற்காரர் கேட்ட கேள்வி வேதத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. வேதம் எழுதாமல் விட்ட முடிவை நான்தான் அவசரப்பட்டு எழுதிப் போட்டேன்.

இதை அவருக்குச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சொல்ல வழியில்லை. தனியாய் அனுப்பினால் போய்ச் சேர்ந்திருக்கும், ஆயினும் அவர் அடைத்த வாசலை நான் தட்டுவது முறையென்று தோன்றவில்லை. ஒரு தாளில் மையால் எழுதி, மடித்து, மறு ஞாயிறு அந்தச் சபைக்கு ஆராதனை நடத்தப் போனபோது அவர் கையில் கொடுத்தேன். எட்டு வரிகள் இருக்கும். அந்த எட்டு வரிகளுக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. வாராந்தரத் தியானத்துக்கு அவ்வளவு நேரம் நான் செலவிடுவதில்லை.

எழுதுகிறவன் தன்னை வாசிக்கிறவரை அறிவது எப்படி என்ற கேள்வி அதன்பின் என்னை விட்டு நீங்கவில்லை. இந்தக் காரியத்தில் என்னை வெட்கப்படுத்துகிறவர் சி. எஸ். லூயிஸ். 1950 முதல் 1956 வரை வெளிவந்த நார்னியாக் கதைகள் ஏழினாலும், அதற்கு முன் எழுதிய நூல்களாலும், அவருக்கு உலகெங்கும் வாசகர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கடிதங்கள் நாள்தோறும் வந்தன. அவற்றுக்குப் பதில் எழுதுவதை அவர் தம் கடமையாகவே ஏற்றுக்கொண்டு, காலை நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கொடுத்தார். மை தொட்டு எழுதும் பேனாவினால் கையாலே எழுதினார். தட்டச்சில் உதவ அவருடைய சகோதரர் வாரன் உடனிருந்தார். அமெரிக்காவிலிருந்த ஒரு பெண்மணிக்கு மாத்திரம் 1950 முதல் தாம் மரித்த 1963 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கிறார். இருவரும் ஒருமுறையாவது நேரில் கண்டதில்லை. அக்கடிதங்கள் 1967-இல் நூலாக வெளிவந்தன. அவற்றில் பெரிய இறையியல் விளக்கங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த அம்மையாரின் நோய், பணக்கவலை, வயோதிபம், பூனை, மரணபயம் இவையே பெரும்பாலும் பேச்சு. கிறிஸ்துமஸ் காலத்தில் வந்து குவியும் தபாலைக் கண்டு லூயிஸ் சலித்துக்கொள்வதையும் அவற்றில் காணலாம். எனக்கு அது ஆறுதலாயிருக்கிறது. சலிப்போடும் எழுதினார், ஆனாலும் எழுதினார்.

அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தினவர் நம் பவுல் அப்போஸ்தலர். ரோமாபுரிச் சபையை அவர் கண்ணால் கண்டிராத காலத்தில் அதற்கு ஒரு நிருபம் எழுதினார். விசுவாசத்தினால் நீதிமானாவதைப் பற்றி சபை வரலாற்றில் இதைவிடப் பெரிய எழுத்து வேறில்லை. அந்த நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தை நாம் பெயர்ப் பட்டியல் என்று தள்ளிவிடுகிறோம். அதில் 20-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே வாழ்த்துகிறார். வெறும் பெயர்களையல்ல, இவர் எனக்காகத் தம் கழுத்தைக் கொடுத்தவர், இவர் மிகவும் பிரயாசப்பட்டவர், இவருடைய தாய் எனக்கும் தாய் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார். ஏட்டில் எழுதிக்கொடுத்த தெர்தியுவும் நடுவில் புகுந்து தன் வாழ்த்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியை அழித்துவிடச் சொல்லாமல் விட்ட பவுலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னும் ஒன்று. அவர் எழுதியவற்றில் பல, பதில்களே. கொரிந்தியர் சில காரியங்களை எழுதிக் கேட்டிருந்தார்கள். குலோவேயாளின் வீட்டார் வந்து சபையின் வாக்குவாதங்களைச் சொல்லியிருந்தார்கள். அவற்றைக் கேட்டபின்பே அவர் எழுதுகிறார். தெசலோனிக்கேயரைக் குறித்துப் பொறுக்கக் கூடாமல், தாம் தனித்திருந்தாலும் சரியென்று தீமோத்தேயுவை அனுப்பி, அவன் கொண்டுவந்த செய்தியைக் கேட்டு அதற்குப் பிறகு எழுதுகிறார். அவருடைய பெயரில் வேறொருவர் எழுதிய நிருபம் பரவக்கூடும் என்ற அச்சமும் அந்நாளிலேயே இருந்தது. ஆகையால் முடிவில் தம் கையாலே வாழ்த்து எழுதி, இதுவே அடையாளம் என்கிறார். இன்று வாட்ஸ்அப்பில், வேறெங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டால் அதன் தலையில் 'ஃபார்வர்டட்' என்று எழுதி வருகிறதே, 2018 முதல்? தன் கையால் எழுதாததற்கு அந்த நிறுவனமே வைத்த அடையாளம் அது. காலை வணக்கத்தோடு பூப்படமும் வசனமும் அனுப்புகிற அன்பர்களை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அதே நண்பருக்கு நீங்கள் கடைசியாக உங்கள் விரலால் எழுதிய வாக்கியம் எது என்று ஒருமுறை மேலே தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

என் காரியத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை அனுப்பும் தியானம் நிற்கவில்லை. ரெடிமேட் சட்டையும் வேண்டியதுதான். பட்டியலைக் குறைத்தேன். கேட்டவர்கள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன். கூப்பிய கை அனுப்புவதை அடியோடு விட்டுவிட்டேன், நீங்கள் கவனித்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம் வந்த பதில்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஆதலால் சனிக்கிழமை நீங்கள் கேட்பதற்கு செவ்வாய் வரை மறுமொழி வராமற்போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே எழுதிய பதிலைவிட உட்கார்ந்து எழுதிய தாமதப் பதில் மேல் என்று கற்றுக்கொண்டேன். அவசரமென்றால் அழையுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் எழுத்தில் பதில் தருவதில்லை. தனித்திருக்கும் சகோதரிகள் எழுதுகிற பாரமான காரியங்களை, அவர்களிடம் சொல்லிவிட்டு, என் மனைவியும் அறிந்திருக்கவே பேசுகிறோம். ஒருவர் எனக்கு எழுதியதை அவரைக் கேளாமல் பிரசங்கத்திலோ தியானத்திலோ எடுத்தாளுவதில்லை. முன்பு அப்படிச் செய்ததுண்டு. பெயரைச் சொல்லவில்லையே என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். சிறிய ஊரில் பெயரைச் சொல்லத் தேவையுமில்லை.

எல்லாருக்கும் நீண்ட பதில் எழுதப் புறப்பட்டு இரண்டு வாரத்தில் களைத்துப்போனதையும் சொல்லிவிடுகிறேன். 'ஆமென்' என்று அனுப்புகிறவர் பெரும்பாலும் மறுமொழியை எதிர்பார்ப்பதில்லை. வாசித்தேன், சுகமாயிருக்கிறேன் என்பதே அதன் பொருள். ஆனால் அந்த 'ஆமென்' எப்போது வருகிறது என்று பார்க்கப் பழகினேன். நம் சபையில் ஒரு தாயார் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு, அடுப்பு மூட்டும் முன், தவறாமல் 'ஆமென்' அனுப்புவார்கள். ஒரு வாரம் அது இரவு இரண்டேகாலுக்கு வந்திருந்தது. வார்த்தை அதே வார்த்தைதான். ஆராதனை முடிந்ததும் அவர்களிடம் போய், "இரவு தூங்கவில்லையா அம்மா?" என்றேன். நெஞ்சுவலி என்று வெள்ளிக்கிழமை முதல் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள். ஆராதனைக்கு மட்டும் ஓடி வந்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. உபதேசியாரும் நானும் அன்று மத்தியானமே போனோம்.

பவுலைக் குறித்து, அவருடைய நிருபங்கள் வலிமையானவை, ஆள் வந்து நின்றாலோ பலவீனம் என்று கொரிந்துவில் சிலர் சொன்னார்கள். எங்களைப் போன்றோரைக் குறித்தும் அதைச் சொல்லலாம். எழுத்தில் மிகவும் அன்பாயிருப்போம்; ஞாயிறு வாசலில் கைகுலுக்கும்போது கண் அடுத்தவர்மேல் இருக்கும். மூப்பராகிய யோவான் தம் சிறிய நிருபங்கள் இரண்டின் முடிவிலும், எழுத வேண்டியது இன்னும் அநேகம் உண்டு, ஆனாலும் மையினால் எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசுவேன் என்ற கருத்தையே சொல்லி நிறுத்திக்கொள்கிறார். எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கைபேசியில் எனக்கு வரும் சில கேள்விகளுக்கு நான் இப்போது தரும் பதில் "நாளைக்கு வீட்டில் இருப்பீர்களா?" என்பதே. நம் சபையில் கவிதை எழுதும் தம்பிகளும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் செய்தி அனுப்பும் தங்கைகளும் இருக்கிறீர்கள். எழுதுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணைப் பார்க்கிற நேரத்தில் பாதியை, பார்த்துவிட்டுப் பேசாமலிருக்கிற ஒருவரை நினைப்பதற்குக் கொடுங்கள்.

தையற்காரர் என் எண்ணை மறுபடி சேமித்துக்கொண்டாரா என்று கேட்பீர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் இல்லை. நானும் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடையில் போய் உட்கார்வேன். நெடுங்காலத்துக்குப் பின் எனக்கு ஒரு வெள்ளை அங்கி தேவைப்பட்டபோது அவரிடமே கொடுத்தேன். அளவு அங்கியைக் கொண்டுபோய் நீட்டினேன். அதை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, "நில்லுங்கள் ஐயா" என்று டேப்பை எடுத்தார். எனக்கும் இடது தோள் சிறிது இறங்கியிருக்கிறதாம். இத்தனை வருடம் யாரும் சொன்னதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று போன வியாழக்கிழமை அவரிடம் கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தார். மூடிக் கிடக்கும் இரண்டாவது மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்:

"எழுதுங்கள் ஐயா. அவன் வருவான் என்று மட்டும் எழுதாதீர்கள். வரமாட்டான் என்றும் எழுதாதீர்கள்."

சரி என்றேன். கழுத்துப் பட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.